மதியம் கிளம்பி இருட்டுக்குள் வெளியே வர: தெரியாத காட்டுப் பாதைகளில் சாதாரணக் கார்

#1 | வழிப்போக்கன்

பிற்பகலில் நான்கைந்து மணி நேரம் கிடைத்தால் தார்ச்சாலையை விட்டு இறங்கி, இதுவரை போயிராத காட்டு மண்பாதைகளில் மெதுவாகச் சுற்றிவிட்டு இருட்டுக்கு முன் வெளியே வந்துவிட வேண்டும் என்பது எண்ணம். வண்டி முன்சக்கர இழுவை ஹேட்ச்பேக். தரை இடைவெளி 170 மி.மீ., மேனுவல் கியர், முழு அளவு ஸ்டெப்னி உண்டு.

ஜீப் வகை வண்டிகளுக்கான ஆலோசனை எங்கும் கொட்டிக் கிடக்கிறது. இந்த மாதிரி வண்டிக்கு அதில் எது பொருந்தும், எது பொருந்தாது? எவ்வளவு தூரம் உள்ளே போகலாம் என்று எப்படிக் கணக்குப் போடுவது? டயர் காற்றைக் குறைக்கலாமா? எந்த இடத்தில் "போதும், திரும்பு" என்று முடிவெடுப்பது? பாதைகள் எல்லாம் பொது வண்டிகளுக்கு அனுமதி உள்ளவை என்று வைத்துக்கொண்டு சொல்லுங்கள்.

#2 | மண்சாலை

அனுமதி விஷயத்தில் ஒன்றை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். மதியம் திறந்திருக்கும் கேட் மாலையில் பூட்டப்படலாம். நுழையும்போது நேரப்பலகையைப் படியுங்கள், முடிந்தால் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். வெளியேற நினைக்கும் பக்கத்துக் கேட்டின் நேரமும் அதே முக்கியம். அதை யாரும் பார்ப்பதில்லை. மரம் வெட்டும் காலம், காட்டுத்தீ எச்சரிக்கைக் காலம், வேட்டைக்கு அனுமதி உள்ள நாடுகளில் வேட்டைக்காலம், இவற்றில் வழக்கமான பாதையே மூடியிருக்கும். வழியில் நீங்கள் திறந்த கேட்டைத் திறந்தது போலவே மூடுங்கள்; திறந்து கிடந்ததைத் திறந்தபடியே விடுங்கள்.

இனி கணக்கு. எல்லாரும் தூரத்தை வைத்துத் திட்டம் போடுகிறார்கள். காட்டில் நேரத்தை வைத்துத்தான் போட வேண்டும்.

சூரியன் மறைவது 6:15 என்று கொள்வோம். அதற்கு ஒரு மணி நேரம் முன்பே, 5:15-க்கு, தார்ச்சாலையில் இருக்க வேண்டும். மண்பாதையில் இறங்குவது 1:45 என்றால் இடையில் 210 நிமிடம். பஞ்சர், விழுந்த மரம், எதிரே வந்த லாரிக்காகப் பின்னால் எடுத்தது என்று 30 நிமிடம் ஒதுக்குங்கள். மீதி 180. அதில் பாதி 90. ஆக, 3:15 ஆனதும் எங்கே இருந்தாலும் திரும்ப வேண்டும். போனில் அலாரம் வையுங்கள். "அடுத்த வளைவு வரை பார்த்துவிடலாம்" என்று தோன்றும் நேரமும் அதுதான்.

தூரம் தானாக வந்துவிடும். நல்ல சரளைப் பாதையில்கூடச் சராசரி மணிக்கு 15 முதல் 20 கி.மீ.தான், நின்று பார்ப்பது, இறங்கி நடந்து பார்ப்பது எல்லாம் சேர்த்து. 90 நிமிடத்தில் 22 முதல் 30 கி.மீ. வரும்போது வழி தெரியும், வேகமாக வந்துவிடலாம் என்று குறைத்துக் கணக்கிடாதீர்கள். மாலையில் சூரியன் கண்ணுக்கு நேராக இருந்தால் போனதைவிட மெதுவாகத்தான் வருவீர்கள்.

எரிபொருளை மூன்றாகப் பிரியுங்கள்: போக ஒரு பங்கு, வர ஒரு பங்கு, தொடாமல் ஒரு பங்கு. லிட்டருக்கு 16 கி.மீ. தரும் வண்டி முதல், இரண்டாம் கியரிலேயே ஊர்ந்தால் 8 தருவதே பெரிது.

#3 | ஓடைக்கரை

பொழுதைக் கணிக்க ஒரு எளிய வழி: கையை முழுக்க நீட்டி, உள்ளங்கை முகத்தைப் பார்க்க விரல்களைப் படுக்கையாக வைத்து, சூரியனுக்கும் அடிவானத்துக்கும் இடையே எத்தனை விரல் என்று எண்ணுங்கள். ஒரு விரலுக்கு 15 நிமிடம், நான்கு விரலுக்கு ஒரு மணி நேரம். நேராகச் சூரியனை உற்றுப் பார்க்க வேண்டாம்.

#4 | வரைபடக்காரர்

ஓடைக்கரை சொன்ன விரல் கணக்கு எல்லா இடத்துக்கும் சரிவராது, இதில் கவனம் தேவை. வானில் சூரியன் மணிக்கு 15 டிகிரி நகர்கிறது. நீட்டிய கையில் ஒரு விரல் ஏறத்தாழ 2 டிகிரி. பூமத்திய ரேகைக்கு அருகில் சூரியன் கிட்டத்தட்டச் செங்குத்தாக இறங்குவதால் ஒரு விரலுக்கு 8 நிமிடம்தான் வரும். வடக்கிலோ தெற்கிலோ வெகுதூரம் போனால்தான் அது சாய்வாக இறங்கி, விரலுக்கு 12, 15 நிமிடம் ஆகும். வெப்பமண்டலக் காட்டில் 15 என்று நம்பினால் பாதி நேரம் காணாமல் போய்விடும். அங்கே மறைந்த பிறகு கிடைக்கும் வெளிச்சமும் 20 முதல் 25 நிமிடமே.

இன்னொன்று: அடிவானம் தெரியாது, மலைமுகடுதான் தெரியும். முகடு வரை அளந்தால் பாதையில் வெயில் போகும் நேரம் கிடைக்கும். அடர்ந்த மரக்கூரைக்கு அடியில் உங்களுக்கு வேண்டியதும் அதுதான்.

வரைபடத்துக்கு வருகிறேன். ஓபன்ஸ்ட்ரீட்மேப் (எல்லாரும் சேர்ந்து தொகுக்கும் இலவச வரைபடம்) தரவைப் பயன்படுத்தும் செயலிகளில் (ஆஸ்ம்அண்ட், ஆர்கானிக் மேப்ஸ் போன்றவை) காட்டு வண்டிப்பாதைகள் தனியாகக் குறிக்கப்பட்டிருக்கும். அதில் பாதையின் உறுதிக்கு 1 முதல் 5 வரை தரம் உண்டு. 1 என்றால் தார் அல்லது நன்றாக இறுகிய தளம். 2 என்றால் பெரும்பாலும் சரளை. 3-ல் கெட்டியும் மென்மையும் கலந்திருக்கும். 4 பெரும்பாலும் மண், புல். 5 இறுகாத மென்மண். சாதாரணக் காருக்கு 1, 2 தாராளம். 3 காய்ந்த நாளில் மட்டும். 4, 5 வேண்டாம். ஒரு எச்சரிக்கை: தரம் குறித்தவர் எந்தப் பருவத்தில் போனார் என்று வரைபடத்தில் இருக்காது. தரமே குறிக்காத பாதையை 4 என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அணுகல் தடை, தனியார் என்ற குறிப்பையும் பாதையைத் தொட்டுப் பாருங்கள்.

வழிகாட்டிச் செயலி "குறுக்கு வழி" என்று காட்டும் கோட்டை நம்பி உள்ளே போகாதீர்கள். அது இணைப்பைத்தான் பார்க்கிறது. நடுவில் பாலம் இடிந்ததைப் பார்ப்பதில்லை.

ஏற்றத்தைக் கணிக்க உயரக்கோடுகள் போதும். 1:50,000 வரைபடத்தில், 20 மீட்டருக்கு ஒரு கோடு என்றால், பாதை ஒவ்வொரு 4 மி.மீ.க்கும் ஒரு கோட்டைத் தாண்டினால் 200 மீட்டரில் 20 மீட்டர், அதாவது 10 சதவீத ஏற்றம். சரளையில் முன்சக்கர இழுவைக் கார் திணறத் தொடங்குவது ஏறக்குறைய அங்கிருந்துதான்.

ஜி.பி.எஸ்.க்கு மொபைல் சிக்னல் தேவையில்லை, ஆனால் முதல் இடப்பிடிப்புக்கு நெட்வொர்க் உதவுகிறது. அது இல்லாமல், மரங்களுக்கு அடியில், நீண்ட நேரம் தேடும். எனவே திறந்த வெளியிலேயே செயலியைத் திறந்து, தடப்பதிவை ஆரம்பித்துவிட்டு உள்ளே இறங்குங்கள். சிக்னல் போனதும் ஏரோப்ளேன் மோடு. இல்லாவிட்டால் டவரைத் தேடியே பேட்டரி தீரும். ஏரோப்ளேன் மோடிலும் இடம் காட்டும்.

#5 | வழிப்போக்கன்

தெளிவாக இருக்கிறது, நன்றி. ஒரு சந்தேகம்: போன வழியே திரும்புவது நல்லதா, வட்டமாகச் சுற்றி வேறு பக்கம் வெளியேறுவது நல்லதா? வரைபடத்தில் பல பாதைகள் வட்டமாக இணைகின்றன.

#6 | கொண்டைஊசி

வட்டம் போடலாம் என்பது என் கட்சி. ஒரே வழியில் இருமுறை போவதில் புதிதாக ஒன்றும் இல்லை. கூடுதல் பயன்: எதிர்ப்பக்கம் தார்ச்சாலை அருகில் இருந்தால் உதவியும் அருகில்.

#7 | மண்சாலை

தெரியாத பாதையில் முதல்முறை வட்டம் வேண்டாம், கொண்டைஊசி. காரணம் இது. வட்டத்தில் மிக மோசமான இடம் எங்கே இருக்கும் என்று முன்கூட்டித் தெரியாது. கடைசி 3 கி.மீ.யில் மரம் விழுந்து கிடந்தால், அதுவரை வந்த முழு வட்டத்தையும் திரும்ப ஓட்ட வேண்டும், அதுவும் சாயங்காலத்தில். போன வழியே வந்தால், தாண்ட முடிந்த இடங்களை மட்டுமே மறுபடி தாண்டுகிறீர்கள். வட்டம்தான் வேண்டும் என்றால் முழு வட்டத்தின் நேரத்தையும் திரும்பும் நேரமாகக் கணக்கில் கொண்டு, வட்டத்தின் பாதியைத் தொடும்போது கையில் அதைப் போல ஒன்றரை மடங்கு நேரம் (மீதிப் பாதி, பிறகு முழு வட்டமும் திரும்ப) மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் திரும்புங்கள்.

ஆனால் போன வழியே திரும்புவதிலும் ஒரு பொறி இருக்கிறது. வழி தவறுபவர்களில் அதிகம் பேர் திரும்பும்போதுதான் தவறுகிறார்கள். போகும்போது பின்னாலிருந்து கூர்கோணத்தில் வந்து உங்கள் பாதையில் சேரும் கிளைப்பாதை கண்ணிலேயே படாது. முன்னால் பார்த்து ஓட்டுகிறவருக்கு அது தோளுக்குப் பின்னால் போய்விடும். திரும்பி வரும்போது அதே இடம் கவையாக, இரண்டு சமமான பாதைகளாக நிற்கும். "இங்கே பிரிவே இல்லையே" என்று தோன்றும். பல சமயம் தவறான கிளைதான் நேராகவும் அகலமாகவும் இருக்கும்.

அதனால் ஒவ்வொரு சேர்க்கையிலும் 20 மீட்டர் தாண்டி நிறுத்தி, பின்னால் திரும்பிப் பார்த்து, வந்த திசையை நோக்கி ஒரு போட்டோ. போட்டோவில் நேரம் தானாகப் பதிவாகும். ட்ரிப் மீட்டர் எண்ணை ஒரு தாளில் எழுதுங்கள்: "7.4 / இடது பக்கம் கிளை சேர்கிறது / திரும்பும்போது இடது." திசை தலைகீழாகும் என்பதால் திரும்பும்போது எந்தப் பக்கம் எடுக்க வேண்டும் என்பதை அங்கேயே நின்று யோசித்து எழுதிவிடுங்கள், வீட்டுக்கணக்காக வைக்காதீர்கள். போன் செத்தாலும் தாள் இருக்கும். கற்களை அடுக்குவது, மரத்தில் கீறுவது வேண்டாம். அடுத்து வருபவரை அது தவறாக வழிநடத்தும்.

#8 | கொண்டைஊசி

கூர்கோணச் சேர்க்கை விஷயம் சரி. ஏற்கிறேன். தரம் 1, 2 மட்டும் உள்ள வட்டங்களுக்கு என் கருத்தை வைத்துக்கொள்கிறேன்.

#9 | காற்றழுத்தம்

டயர் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. 18 பி.எஸ்.ஐ.க்கு இறக்கிவிடுங்கள் என்று பல இடத்தில் படிப்பீர்கள். அது உயரமான பக்கச்சுவர் உள்ள பெரிய டயருக்கு, மணலில், மெதுவாகப் போக. உங்கள் வண்டிக்குப் பொருந்தாது. பக்கச்சுவர் குட்டையான டயரில் காற்றைக் குறைத்தால் கல்லில் ஏறும்போது டயர் நசுங்கி, கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவே ரப்பர் கடிபடும். பக்கச்சுவர் கிழிந்தால் பஞ்சர் ஒட்ட முடியாது.

கையேட்டில் 33 பி.எஸ்.ஐ. என்றால் சரளைக்கு 26, 27 போதும். ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. தொடுபரப்பு நீளும், கல் குத்துவது குறையும், அலையலையான பாதையில் உடம்பும் வண்டியும் அதிர்வது குறையும். வேகம் 40-ஐத் தாண்டக் கூடாது. தார்ச்சாலையில் ஏறியதும் பழைய அழுத்தத்துக்குக் கொண்டுவந்த பிறகே வேகம் எடுங்கள். காற்று குறைந்த டயர் வேகத்தில் பக்கச்சுவர் மடிந்து மடிந்து சூடேறித்தான் வெடிக்கிறது. 12 வோல்ட் கம்ப்ரசர் இல்லாமல் காற்றை இறக்கவே வேண்டாம். கம்ப்ரசரை என்ஜின் ஓடும்போது இயக்குங்கள்.

அளவுமானி தனியாக ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். ஓடிச் சூடான டயர் குளிர்ந்த டயரைவிட மூன்று நான்கு பி.எஸ்.ஐ. கூடக் காட்டும். சூட்டில் 26 வைத்தால் ஆறியபின் 22, 23-தான் இருக்கும். கிளம்பும் காலையிலேயே ஸ்டெப்னியையும் அளந்துவிடுங்கள். டிக்கிக்கு அடியில் இரண்டு வருடமாகக் கிடந்த ஸ்டெப்னியில் 15 பி.எஸ்.ஐ. இருந்தால் ஆச்சரியமில்லை.

டயரில் ஆணியைப் பார்த்தால் உடனே பிடுங்காதீர்கள். காற்று மெதுவாக இறங்கினால் அப்படியே நிரப்பி நிரப்பி வெளியே வந்துவிடலாம். வேகமாக இறங்கினால் ஒட்டு. ஆணி போன கோணத்தைப் பார்த்துக்கொண்டு பிடுங்குங்கள், அதே கோணத்தில் அரத்தை உள்ளே விட்டு ஏழெட்டு முறை இழுங்கள், பசை தடவிய பட்டையைப் பாதிக்கு மேல் நுழைத்து, கருவியை வெடுக்கென்று வெளியே இழுங்கள். எச்சில் தொட்டுப் பாருங்கள், குமிழி வரக் கூடாது. இது தரையில் படும் பகுதிக்கு மட்டும்.

ஜாக்கி மென்மண்ணில் தானே புதையும். 30 × 30 செ.மீ., 2 செ.மீ. தடிமன் பலகை ஒன்று அவசியம். வீல் நட்டை வண்டியைத் தூக்குவதற்கு முன்பே அரைச்சுற்று தளர்த்துங்கள்; தூக்கிய பிறகு முறுக்கினால் வண்டி ஜாக்கியிலிருந்து சரியும். ஹேண்ட்பிரேக், குறுக்கு மூலைச் சக்கரத்துக்கு இருபுறமும் கல். மாட்டிய பின் 50 கி.மீ. ஓடியதும் நட்டுகளை மறுபடி முறுக்கிப் பாருங்கள்.

#10 | ஓடைக்கரை

தடப்பள்ளம் பற்றி. முன்னால் போன லாரிகள் பள்ளமாக்கிய இரண்டு தடங்களுக்குள் சக்கரத்தை விட்டால் நடு மேடு உங்கள் வண்டியின் வயிற்றைத் தட்டும். 170 மி.மீ. என்பது காலி வண்டிக்கு. நான்கு பேரும் சாமானும் ஏறினால் 130, 140 என்று வைத்துக்கொள்ளுங்கள். இறங்கி, மேட்டின் உச்சியிலிருந்து தடத்தின் அடிவரை கையால் அளந்து பாருங்கள். அரைச்சாணுக்கு மேல் இருந்தால் தடத்துக்குள் இறங்கக் கூடாது. ஒரு பக்கச் சக்கரம் நடு மேட்டிலும், மறுபக்கச் சக்கரம் பாதையின் ஓரக் கெட்டித் தரையிலும் வர ஓட்டுங்கள். ஓரம் பள்ளத்தாக்குப் பக்கமாக இருந்தால் வேண்டாம். மழையில் அரித்த விளிம்பு மேலே புல் மூடி உறுதியாகத் தெரியும். அடியில் மண் இருக்காது.

மரநிழலும் வெயிலும் திட்டுத்திட்டாக விழுகிற பாதையில் பள்ளம் தெரியாது. கூலிங் கிளாஸைக் கழற்றுங்கள், வண்டியின் முன்கண்ணாடியின் உள்பக்கத்தையும் துடையுங்கள். எதிர்வெயிலில் கண்ணை மறைப்பதில் பாதி உள்பக்கப் படலம்தான்.

தண்ணீர். ஓடுகிற தண்ணீர் என்றால் சிறிய காருக்கு என் பதில் ஒன்றே: கணுக்காலுக்கு மேல் என்றால் திரும்பு. 30 செ.மீ. ஆழ வெள்ளம் சிறிய காரை நகர்த்தப் போதும். 60 செ.மீ. பெரிய வண்டியையும் தூக்கும். மிதக்கத் தொடங்கிய வண்டியில் ஸ்டியரிங்கும் பிரேக்கும் வேலை செய்யாது. நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடித்தாலும் மேல்மலையில் பெய்தால் ஓடை பெருகும். தண்ணீர் கலங்கி, சருகும் குச்சியும் மிதந்து வந்தால் மேலே பெய்கிறது என்று பொருள். போகும்போது தாண்டிய ஓடை திரும்பும்போது அதே ஓடையாக இருக்காது. கரையில் தண்ணீர் தொடும் இடத்தில் ஒரு கல்லைக் குறியாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தேங்கிய தண்ணீரில் கோலோடு முதலில் நடந்து பாருங்கள், இரண்டு சக்கரத்தடத்திலும். ஆழம் சக்கர நடுவைத் தொடக் கூடாது. முதல் கியர், நடக்கும் வேகம், நடுவில் கிளட்ச் மிதிக்காமல் ஒரே சீராக. என்ஜின் நடுவில் நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால், தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராட் வளையும். ஒரு சாவித் திருப்பலில் என்ஜின் போய்விடும். தாண்டிய பின் பிரேக்கை மெல்ல அழுத்தியபடி 50 மீட்டர் ஓட்டிக் காயவிடுங்கள்.

#11 | வழிப்போக்கன்

செங்குத்தான இறக்கம் வந்தால்? இறங்கிவிடலாம், ஏற முடியுமா என்பதுதான் பயம்.

#12 | கொண்டைஊசி

சரியான பயம். உதிரிச் சரளை இறக்கத்தின் உச்சியில் நிறுத்தி, நடந்து அடிவரை போய், அங்கிருந்து மேலே பாருங்கள். "இதில் ஏறுவேனா" என்ற கேள்விக்கு உறுதியான ஆம் வராவிட்டால் இறங்காதீர்கள். ஏற்றத்தில் பாரம் பின்பக்கம் சாய்வதால் முன்சக்கர இழுவை வண்டியின் பிடி குறைகிறது. இறங்கும்போது இந்தக் குறை தெரியவே தெரியாது. வேறு வழியே இல்லாமல் மாட்டிக்கொண்டால், குட்டையான ஏற்றத்தை ரிவர்ஸில் ஏறிப் பார்க்கலாம். அப்போது இழுக்கும் சக்கரம் கீழ்ப்பக்கம் வந்து பாரம் அதன்மேல் விழும். ஒருவர் இறங்கி மேலே நின்று வழி காட்ட வேண்டும், வண்டிக்கு நேர்கீழே யாரும் நிற்கக் கூடாது.

இறக்கத்தில் கிளட்சை மிதித்து உருட்டாதீர்கள். ஏறுவதற்கு எந்தக் கியர் தேவைப்படுமோ அதே கியர், அல்லது அதற்கும் ஒன்று குறைவு. ஆட்டோமேட்டிக்கில் எல் அல்லது 1. பிரேக்கை விடாமல் தேய்த்துக்கொண்டே வந்தால் பிரேக் ஆயில் கொதிக்கும். டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் தாங்கும். ஈரம் உறிஞ்சிய பிறகு தர எல்லை 155. மூன்று வருடமாக மாற்றாத ஆயில் இரண்டாவது எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும். பெடல் பஞ்சு போல் இறங்கினால், நிறுத்தி அரைமணி ஆறவிடுங்கள். ஆறும்போது சக்கரத்துக்குக் கல் வைத்து கியரில் விடுங்கள்.

எதிரே வண்டி வந்தால் ஏறுகிறவருக்கு முன்னுரிமை. ஆனால் ஒதுங்குமிடம் யாருக்குப் பக்கமோ அவர் பின்னால் எடுப்பதுதான் நடைமுறை. மரம் ஏற்றிய லாரி என்றால் எந்த விதியும் பார்க்காமல் நீங்களே ஒதுங்குங்கள். அந்த லாரியால் சட்டென்று நிற்க முடியாது, வளைவில் பின்பாரம் வெளியே வீசும். வாரநாள் பிற்பகல் என்றால் லாரிகள் ஓடும் நேரம். வளைவுக்கு முன் ஒரு சிறு ஹாரன், பகலிலும் முகப்பு விளக்கு.

#13 | மண்சாலை

திரும்புவது பற்றி யாரும் சொல்லவில்லை, அதனால் சேர்க்கிறேன். ஹேட்ச்பேக்குக்கு ஒரே வளைவில் திரும்ப 10 மீட்டர் அகலம் வேண்டும். முன்னும் பின்னுமாக எடுத்துத் திரும்பவே 6 மீட்டராவது வேண்டும். காட்டுப் பாதை 3 மீட்டர். ஆகவே வண்டி திரும்பக்கூடிய ஒவ்வொரு இடத்தைத் தாண்டும்போதும் இரண்டாவது ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்குங்கள். அது 1 கி.மீ.யைத் தாண்டிவிட்டால், தடை வந்தால் அத்தனை தூரம் ரிவர்ஸில் வர வேண்டும் என்று பொருள். பாதை குறுகிக்கொண்டே போய், நடுவில் புல் உயர்ந்து, சமீபத்திய டயர் தடமும் இல்லை என்றால் கடிகாரத்தைப் பார்க்காமலே திரும்பலாம்.

மலைச்சரிவில் திரும்பும்போது வண்டியின் முகம் பள்ளத்தைப் பார்க்கட்டும், பின்பக்கம் மலைச்சுவரைப் பார்க்கட்டும். விளிம்பு கண்முன் இருக்கும். பின்னால் எடுத்து ஒரு பம்பர் உரசினால் போகிறது. மலைப்பக்க வாய்க்காலில் பின்சக்கரம் இறங்காமல் பார்த்துக்கொள்ள ஒருவர் வெளியே நிற்கட்டும்.

மரப்பாலம் வந்தால் இறங்கிப் பலகைகளைக் காலால் அழுத்திப் பாருங்கள். அடியில் தாங்கும் உத்திரங்கள் எங்கே ஓடுகின்றன என்று குனிந்து பார்த்து, சக்கரம் அவற்றின் மேல் வரும்படி ஓட்டுங்கள். மற்றவர்கள் இறங்கி நடந்து தாண்டட்டும். பாசி பிடித்த ஈரப்பலகை சோப்புக்கட்டி மாதிரி வழுக்கும், அதன்மேல் பிரேக்கும் கூடாது, திருப்பலும் கூடாது.

#14 | காற்றழுத்தம்

சகதியில் சிக்கினால் முதல் பத்து விநாடிதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். சக்கரம் வழுக்கிச் சுற்றியதும் ஆக்சிலேட்டரை விடுங்கள். இன்னும் மிதித்தால் சக்கரம் தனக்குத் தானே குழி தோண்டி, வண்டி வயிற்றில் உட்கார்ந்துவிடும். அதற்குப் பிறகு தள்ளினாலும் அசையாது.

ஸ்டியரிங்கை நேராக்குங்கள். இறங்கி, வண்டி எதில் உட்கார்ந்திருக்கிறது என்று குனிந்து பாருங்கள். டிராக்‌ஷன் கண்ட்ரோல் பொத்தான் இருந்தால் அணையுங்கள். சகதியில் அது என்ஜின் சக்தியைக் குறைத்து வண்டியை நிற்க வைத்துவிடும். இழுக்கும் சக்கரங்களுக்கு முன்னால் சாய்தளம் போல் ஓரடி நீளம் தோண்டுங்கள். வயிற்றடி மண்ணையும் இழுத்துவிடுங்கள். காய்ந்த சுள்ளி, சரளை, கால்மிதி எதையாவது சக்கரத்தின் விளிம்புக்கு அடியில் நன்றாகச் செருகுங்கள். இழுக்கும் டயர்களை 18, 20-க்கு இறக்கலாம், இந்த ஒரு சமயம் மட்டும், பத்து மீட்டருக்கு மட்டும். இரண்டாம் கியர், மெதுவாகக் கிளட்ச். கால்மிதி பின்னால் பறக்கும், பின்னால் யாரும் நிற்க வேண்டாம். வந்த பக்கமே பின்னோக்கி வெளியேறுவது பெரும்பாலும் எளிது. அங்கே தரை தாங்கியது ஏற்கெனவே தெரியும்.

இன்னொரு வண்டி இழுக்க வந்தால் கயிற்றைக் கட்டும் இடத்தில் கவனம். பம்பரில் மூடிக்குப் பின்னால் திருகி மாட்டும் கொக்கிதான் சரியான இடம். பல கார்களில் அது இடது மரை, எதிர்த்திசையில் திருக வேண்டும். அடிவரை திருகுங்கள், பாதி மரையில் நின்றால் வளைந்து பிய்யும். டிரெய்லர் மாட்டும் உருண்டையில் கயிறு கட்டவே கூடாது. அது முறிந்து பறந்தால் குண்டு மாதிரி, ஆளைக் கொல்லும். கயிற்றின் நடுவில் கனமான போர்வையைப் போடுங்கள், எல்லாரும் கயிற்றின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு தள்ளி நில்லுங்கள். தளர்ந்த கயிற்றை வெடுக்கென்று இழுக்காமல், முதலில் விறைப்பாக்கி, பிறகு இழுக்கட்டும்.

#15 | இருள்வேளை

எல்லாம் சரியாகச் செய்தும் அந்தி விழுந்துவிட்டால்: வேகம் 30. ஹை பீம், எதிரே வண்டி வந்தால் மட்டும் டிம். ஓரத்தில் இரண்டு ஒளிப்புள்ளி தெரிந்தால் உடனே நிதானியுங்கள். மான் ஒன்று தாண்டினால் இன்னொன்று பின்னால் வரும் என்றே நினைத்து நில்லுங்கள். குறுக்கே பாய்ந்தால் நேராக நின்று பிரேக். ஒடித்துத் திருப்பினால் மரத்திலோ பள்ளத்திலோ முடியும். யானை போன்ற பெரிய விலங்கு வழியில் நின்றால் தூரத்திலேயே நிறுத்தி, ஹாரன் அடிக்காமல், விளக்கை விட்டுவிட்டு எரித்துச் சீண்டாமல், என்ஜினை ஓடவிட்டு, பின்னால் எடுக்க இடம் வைத்துக்கொண்டு காத்திருங்கள். நகர வேண்டியது அது.

உண்மையிலேயே மாட்டிக்கொண்டால் வண்டியை விட்டு நடக்காதீர்கள். தேடுபவர் கண்ணுக்கு ஆளைவிடக் கார் எளிது. அழைப்பு போகாத இடத்திலும் எஸ்.எம்.எஸ். சில சமயம் போய்விடும். இடத்தைத் தசம டிகிரியில் அனுப்புங்கள். நான்கு தசம இடம் 11 மீட்டர் அளவுக்குத் துல்லியம், போதும். டிகிரி-நிமிடம்-விநாடி முறையோடு கலந்துவிடாதீர்கள்: 11.45 டிகிரி என்பது 11 டிகிரி 27 நிமிடம். 45 நிமிடம் என்று எடுத்தால் 30 கி.மீ.க்கு மேல் தவறிவிடும். 112 பல நாடுகளில் வேலை செய்யும், உங்கள் நிறுவனத்துக்குச் சிக்னல் இல்லாவிட்டாலும் வேறு நெட்வொர்க் இருந்தால் அதன் வழியாகப் போகும். விசில் மூன்று முறை, இடைவெளி, மறுபடி மூன்று முறை.

இதற்கெல்லாம் முன்னால், கிளம்பும்போதே ஒருவரிடம் சொல்லிவையுங்கள்: எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவேன், எத்தனை மணி வரை தகவல் வராவிட்டால் தேட ஆள் அனுப்ப வேண்டும். மூன்றாவது மணிதான் முக்கியம். அது சொல்லப்படாவிட்டால் வீட்டில் இருப்பவர் "இன்னும் கொஞ்சம் பார்க்கலாம்" என்று நள்ளிரவு வரை காத்திருப்பார். ஆளுக்கு 3 லிட்டர் தண்ணீர், தலையில் மாட்டும் டார்ச், போர்வை, மழைச்சட்டை.

#16 | புதுச்சக்கரம்

மின்சாரக் காரில் இதே பயணம் போகலாமா?

#17 | கொண்டைஊசி

போகலாம், இரண்டு விஷயம் தெரிந்திருந்தால். பேட்டரி முழுதாக இருக்கும்போது மின்னோட்டத்தைத் திருப்பிச் சேமிக்க இடமில்லை, எனவே மோட்டார் பிரேக் பிடிப்பது வெகுவாகக் குறையும். மலை உச்சியில் 100 சதவீதம் ஏற்றி நேராக இறக்கத்தில் இறங்காதீர்கள், 85, 90 போதும். இரண்டாவது, பேட்டரி வயிற்றடியில் இருக்கிறது. ஓடைக்கரை சொன்ன அரைச்சாண் அளவை இன்னும் கறாராகக் கடைப்பிடியுங்கள். கல்லில் பலமாக அடிபட்டால் வெளியில் ஒன்றும் தெரியாவிட்டாலும் தூக்கிப் பார்க்காமல் சார்ஜ் போட வேண்டாம்.

#18 | ஓடைக்கரை

வெளியே வந்ததும் செய்ய வேண்டியவற்றில் ஒன்று விடுபட்டது. நடுவில் புல் வளர்ந்த பாதையில் வந்திருந்தால் வயிற்றடியில் காய்ந்த புல் சிக்கியிருக்கும். சைலன்சர் வரிசையில் இருக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் சாதாரணமாகவே சில நூறு டிகிரி சூடேறும். டீசலில் புகைவடிகட்டி தன்னைச் சுத்தம் செய்யும்போது சூடு இன்னும் கூடும். காட்டிலும் சரி, வெளியிலும் சரி, உயர்ந்த காய்ந்த புல்லின் மேல் நிறுத்தாதீர்கள். வழியில் நின்ற ஒவ்வொரு முறையும் டார்ச்சால் அடியில் பார்த்து, சிக்கியதைக் குச்சியால் தள்ளிவிடுங்கள். கை வைத்தால் வெந்துவிடும்.

#19 | வழிப்போக்கன்

எல்லாவற்றையும் தாளில் எழுதிக்கொண்டேன். கடைசியாக ஒன்று: மண்பாதையிலிருந்து தார்ச்சாலைக்கு வந்து 80-ஐத் தொட்டதும் ஸ்டியரிங் நடுங்குகிறது என்று பலர் எழுதுகிறார்கள். அலைன்மென்ட் போய்விட்டது என்று பொருளா?

#20 | காற்றழுத்தம்

பெரும்பாலும் இல்லை. ரிம்மின் உட்பக்கத்தில் சேறு அப்பிக் காய்ந்து, சக்கரத்தின் எடைச்சமநிலை குலைகிறது. அலைன்மென்ட் என்றால் நேர்சாலையில் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், அல்லது ஸ்டியரிங் கோணலாக நிற்கும். குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் நடுங்காது. வெளிப்பக்கம் சுத்தமாகத் தெரிந்தாலும் உட்பக்கத்தில் கையை விட்டுப் பாருங்கள், கைப்பிடி மண் வரும். நிறுத்தியதும் பிரேக் தட்டு சூடாக இருக்கும், பத்து நிமிடம் ஆறவிட்டுப் பிறகு தண்ணீர் அடியுங்கள், சுடும்போது அடித்தால் தட்டு கோணும். கழுவிய பிறகும் நடுங்கினால் முதலில் வீல் நட்டுகள், அடுத்து ரிம் நெளிவு, அதன் பிறகுதான் பாலன்சிங்குக்குக் கொண்டுபோக வேண்டும்.